தானியத்தின் மக்னீஷியச் சத்தும் குடற் புற்றுநோயும்

பயிர், கால்நடை, மனிதன் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக வேண்டிய தாதுப் பொருள்களுள் மக்னீஷியம் ஒன்றாகும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றின் பயனை விவசாயிகள் நன்கறிவர். மக்னீஷியத்தைக் குறித்து அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆயினும் அண்மைக் காலத்தில் அதன் பெயர் வேறொரு காரணம்பற்றி அடிபட்டு வருகின்றது. மக்னீஷியம் குறைந்த ஆகாரத்தை உண்போருக்குப் புற்றுநோய் வரும் என்றும், மக்னீஷிய மாத்திரைகளை உட்கொண்டால் அந்நோய் அணுகாது என்றும் சொல்வோர் உளர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, ஆராய்ச்சியாளர்கள் இதுவரை கண்டவை யாவை, தானியத்தை விளைவித்து உண்ணும் குடும்பங்கள் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியது யாது என்பவை இங்கு வரிசையாக விளக்கப்படுகின்றன.

மண்ணிலும் இலையிலும்

மக்னீஷியம் பாறைகளிலும் மண்ணிலும் பல உப்புக்களாகக் கலந்துள்ளது. சேலத்தையடுத்த குன்றுகளில் பலகாலமாக வெட்டி எடுக்கப்பட்ட வெண்ணிறமான மக்னசைட்டுக் கல்லும், சுண்ணாம்புச் சத்துடன் கூடிய டாலமைட்டுக் கல்லும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. மருந்துக் கடைகளில் விற்கப்படும் பேதி உப்பு மக்னீஷியமும் கந்தகமும் பிராணவாயுவும் சேர்ந்தது.

இலைகளின் பச்சை நிறத்திற்குக் காரணமான பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மக்னீஷிய அணு அமைந்திருக்கிறது. பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்து அதில் மக்னீஷியம் இருப்பதை நிலைநாட்டிய ஜெர்மானிய இரசாயன நிபுணர் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டருக்கு 1915-ம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சூரிய வெளிச்சத்தைக் கொண்டு இலை ஆகாரத்தைச் சமைக்கும் வேலை முழுவதும் பச்சையத்தைப் பொறுத்ததாகையால், மக்னீஷியமின்றிப் பயிர் வாழாது. இச்சத்துக் குறைந்தபோது செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து அதனை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அதனால் அடியிலைகளில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாக வெளுக்கும். பருத்தியில் இலை சிவந்துபோதலும் உண்டு.

இலையில் வேலை செய்த இச்சத்தில் ஒரு பகுதி, பயிர் முதிருங்கால் மணியைச் சென்று சேர்கிறது. மணியிலும் அது எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. முளையிலும், மாவுப் பகுதியைச் சூழ்ந்துள்ள தவிட்டுப் படலத்திலும் மிகுந்தும், நடுவிலுள்ள வெண்மையான மாவில் மிகக் குறைந்தும் உள்ளது. பின்னர்க் கூறப்படும் செய்திகளுக்கெல்லாம் இதுவே அடிப்படையாதலால் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கால்நடைகள் கற்பித்த பாடம்

மண்ணிலுள்ள குறைபாடு புல்லின் வழியாக உயிர்ப் பிராணிகளைத் தாக்கும் என்பதற்கு ஹாலந்து தேசத்துப் பசுக்களே கண்கூடான சாட்சி. அங்கே குளிர்காலம் முழுதும் கொட்டிலில் இருந்த கறவைப் பசுக்களை வசந்த காலத்தில் செழித்த இளம்புல் மேய விடுவது வழக்கம். அவ்வாறு விட்ட சில நாட்களில் நல்ல கறவைகள் தள்ளாடி விழுந்து, கை கால் இழுப்புக் கண்டு இறந்தன. 1930-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஸ்யொல்லெமா என்னும் டச்சு நிபுணர், அப்பசுக்களின் இரத்தத்தில் மக்னீஷியம் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார். சாம்பல் சத்து அளவுக்கு மிஞ்சி இடப்பட்ட நிலங்களில் புல் அதனையே மிகுதியாக உறிஞ்சி, மக்னீஷியத்தைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்பதும், அத்தகைய புல்லை மேய்ந்த பசுக்களே எளிதில் நோயுறுகின்றன என்பதும் பின்னர் விளங்கின.

இதே காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த குரூஸ், ஓரெண்ட், மெக்காலம் ஆகியோர், மக்னீஷியம் நீக்கப்பட்ட ஆகாரத்தை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். எலிகளின் தோல் சிவந்து, வலிப்புக் கண்டு, அவை இறந்தன. 1932-ம் ஆண்டில் வெளியான இந்த ஆராய்ச்சி, பிராணிகளுக்கு மக்னீஷியம் இன்றியமையாதது என்பதை ஐயத்திற்கிடமின்றி விளக்கிற்று.

மனித தேகத்தில் அதன் வேலை

வளர்ந்த மனிதனுடைய தேகத்தில் சுமார் 25 கிராம் மக்னீஷியம் உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்டது எலும்பிலும், எஞ்சியதிற் பெரும்பகுதி தசையிலும் பிற உறுப்புகளிலும் உள்ளது. இரத்தத்தில் இருப்பது 100-க்கு ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இரத்தத்தைச் சோதித்து மட்டும் உடம்பின் முழு இருப்பையும் அறிதல் அரிது. களஞ்சியத்தின் நெல்லை வாசலிற் சிந்திய மணிகளைக் கொண்டு மதிப்பிடுவது போன்றதே அது.

முந்நூறுக்கு மேற்பட்ட நொதிப்பொருள்கள் மக்னீஷியத்தின் துணைகொண்டு வேலை செய்கின்றன. உயிரணு தன் சக்தியைச் செலவிடுவதற்கும், இன்ஸுலின் தன் தொழிலைச் செம்மையாக ஆற்றுவதற்கும் அது வேண்டும். புற்றுநோயைப் பொறுத்தவரை முக்கியமானது வேறொன்று. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. எனப்படும் மரபுப்பொருள் இருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இப்பொருள் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்குங்கால் நேரும் பிழைகளும், புகை முதலியவற்றால் உண்டாகும் பழுதுகளும் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போனால், உயிரணு கட்டுக்கடங்காமற் பெருகிப் புற்றாக மாறுகிறது. படியெடுக்கும் நொதிகளுக்கும் பழுது பார்க்கும் நொதிகளுக்கும் மக்னீஷியம் தேவை. ஆதலின் அச்சத்தின் குறைவுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று கருதுதல் பொருத்தமற்றதன்று. ஆனால், இருக்கலாம் என்பது வேறு. இருக்கிறது என்று நிறுவுதல் வேறு.

பிரெஞ்சு தேசத்தில் எழுந்த கொள்கை

இந்தச் சம்பந்தத்தை முதன்முதலில் வற்புறுத்திப் பேசியவர்களுள் முக்கியமானவர் பியேர் டெல்பே என்னும் பிரெஞ்சு இரண வைத்தியர். முதல் உலக யுத்தத்தின்போது, 1915-ம் ஆண்டில், காயங்களைக் கழுவுவதற்கு அவர் மக்னீஷியக் குளோரைடு கரைத்த நீரைப் பயன்படுத்தினார். அந்நீர் திசுக்களைக் கெடுக்காமல் அவற்றிற்கு வலிமை ஊட்டுவதாகக் கண்டு, பின்னர் அவ்வுப்பு புற்றுநோயைத் தடுக்குமா என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். 1944-ம் ஆண்டில் புற்றுநோய்த் தடுப்பைக் குறித்து ஒரு நூலும் வெளியிட்டார். கோதுமை மாவை அளவுக்குமேல் வெண்மையாக்குவதாலும், சாம்பல் சத்து எருக்களை ஒருதலையாக இடுவதாலும் ஜனங்களின் ஆகாரத்தில் மக்னீஷியம் குறைந்துவிட்டதென்பது அவர் கொள்கை.

இதே கருத்தைப் பின்பற்றி 1934-ம் ஆண்டில் ரோபினே என்பவர், பிரான்சின் மண்வகைகளையும் புற்றுநோய் மரணக் கணக்கையும் ஒப்பிட்டு, மக்னீஷியம் மிகுந்த மண்ணுள்ள இடங்களில் அந்நோய் குறைவு என்று எழுதினார்.

இத்தகைய ஒப்பீடு ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாகுமேயன்றி முடிவாகாது. ஒரு ஜில்லாவின் மண்ணைக் கொண்டு அங்கு இறந்த ஒருவர் என்ன உண்டார் என்று சொல்ல முடியாது. அவர் உண்ட மாவு வேறு ஜில்லாவில் விளைந்ததாக இருக்கலாம். முதியோர் மிகுந்த இடத்தில் புற்றுநோயும் மிகுந்து காணும். வைத்தியசாலைகள் அருகிலுள்ள இடத்தில் நோய் கண்டுபிடிக்கப்படுவதும் மிகுதியாகும். இவற்றையெல்லாம் மண்ணின் மேல் ஏற்றிச் சொல்வது முறையன்று.

பிராணிகளிடத்தில் செய்த சோதனைகள்

1964-ம் ஆண்டில் கனடா தேசத்தின் பியேர் புவா என்பவர், மக்னீஷியம் குறைந்த ஆகாரத்தை நெடுநாள் உண்ட எலிகளில் சிலவற்றிற்கு, மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி தோன்றியதை அறிவித்தார். 1989-ம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், குடலில் புற்றை உண்டாக்கும் இரசாயனப் பொருள் செலுத்தப்பட்ட எலிகளுக்கு மக்னீஷிய ஹைட்ராக்ஸைடைத் தீனியிற் கலந்து கொடுத்தபோது குடற் கட்டிகள் குறைந்ததைக் கண்டனர்.

எனினும் 2004-ம் ஆண்டில் வெளியான மற்றொரு சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. கட்டியை உடலிற் பதித்த சுண்டெலிகளுக்கு மக்னீஷியம் குறைந்த தீனி கொடுக்கப்பட்டது. பதித்த இடத்தில் கட்டி மெதுவாகவே வளர்ந்தது. ஆனால் நுரையீரலுக்கு நோய் பரவுவது அதிகரித்தது. புற்றுநோய் உயிரணுவும் ஓர் உயிரணுவே. தான் பெருகுவதற்கு அதற்கும் மக்னீஷியம் வேண்டும். ஆதலால் நோய் வருமுன் காத்தலில் இச்சத்து எவ்விதம் பயன்படுகிறதோ, வந்தபின் அதே விதம் பயன்படும் என்று எண்ணுதல் தவறாகும். களை முளைக்காதபடி காப்பதற்குரிய முறை வேறு. முளைத்து வேரூன்றிய களையைப் போக்கும் முறை வேறு என்பதை வயலில் உழைப்போர் அறிவர்.

ஸ்வீடன் தேசத்துக் கணக்கு

மனிதர்களிடத்தில் இவ்விஷயத்தைத் தெளிவாக ஆராய்ந்தவற்றுள் ஒன்று ஸ்வீடன் தேசத்தில் நடைபெற்றது. 1987-க்கும் 1990-க்கும் இடையில், 40 முதல் 75 வயது வரையுள்ள 61,433 ஸ்திரீகளிடம் அவர்களுடைய ஆகாரத்தைப் பற்றிய கேள்விகள் எழுத்து மூலமாகக் கேட்கப்பட்டன. அவர்களுள் எவருக்கும் அப்போது புற்றுநோய் இல்லை. பின்னர் அவர்கள் சராசரி 14.8 ஆண்டுகள் கவனிக்கப்பட்டு வந்தனர். அக்காலத்தில் 805 பேருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் கண்டது.

அந்த ஸ்திரீகளை அவர்கள் உண்ட மக்னீஷியத்தின் அளவுப்படி ஐந்து பகுதிகளாக வகுத்துப் பார்த்தனர். தினம் 209 மில்லிகிராமுக்குக் குறைவாக உண்ட கடைசிப் பகுதியினரைவிட, 255 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்ட முதற் பகுதியினரிடத்தில் அந்நோய் 100-க்கு 41 வீதம் குறைவாக இருந்தது. வயது, உடற்பருமன் முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் கிடைத்த முடிவு இது. 2005-ம் ஆண்டில் இது வெளியானதும் உலகெங்கும் பேசப்பட்டது.

இக்கணக்கைச் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும். நூற்றுக்கு 41 குறைவு என்பதைக் கேட்போர், நூறு பேரில் 41 பேர் நோயினின்று தப்பினர் என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் நோய்வாய்ப்பட்டவர்கள் ஆயிரத்துக்குச் சுமார் 13 பேரே. ஆகவே இரு பகுதியினருக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆயிரத்துக்குச் சில பேர் என்ற அளவே ஆகும். இந்திய தேசத்தில் குடற் புற்றுநோய் ஐரோப்பாவைவிடக் குறைவாகவே காணப்படுவதால், ஸ்வீடன் தேசத்து அளவை அப்படியே இங்குப் பொருத்துதலும் கூடாது.

மாறுபட்ட முடிவுகள்

அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் 1986-ம் ஆண்டு முதல் 35,000-க்கு மேற்பட்ட முதிய ஸ்திரீகளைக் கவனித்து வந்த ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. அதில் பெருங்குடற் புற்றுநோய் மக்னீஷியம் மிகுதியாக உண்டோரிடம் குறைந்து காணப்பட்டது. மலக்குடற் புற்றுநோயில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஹாலந்து தேசத்தில் 2007-ல் வெளியான முடிவில், உடற்பருமன் மிகுந்தோரிடத்தில் மட்டுமே சம்பந்தம் புலப்பட்டது. ஜப்பானில் 2010-ல் வெளியானதில் ஆண்களிடம் நோய் குறைந்திருந்தது, பெண்களிடம் அவ்வாறில்லை. 2012-ல் இத்தகைய ஆராய்ச்சிகள் பலவற்றை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள், தினம் 100 மில்லிகிராம் கூடுதலாக உண்பதற்கு நோய் 100-க்கு 12 வீதம் குறைந்து காண்கிறதென முடிவு செய்தனர்.

அதே 2012-ம் ஆண்டில் அமெரிக்காவில் தாதியர் 85,924 பேரை 28 ஆண்டுகள் கவனித்த ஆராய்ச்சியின் முடிவும் வெளிவந்தது. வயதை மட்டும் கணக்கிற் கொண்டபோது, மிகுதியாக உண்ட பத்திலொரு பகுதியினரிடம், மிகக் குறைவாக உண்ட பத்திலொரு பகுதியினரைவிட நோய் 100-க்கு 33 வீதம் குறைவாகத் தோன்றியது. ஆனால் அவர்களுடைய மற்ற உணவுகளையும் பழக்கங்களையும் கணக்கிற் சேர்த்தவுடன், அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்து, பொருட்படுத்தத் தக்கதாக இல்லாமற் போயிற்று.

மாறுபாட்டுக்குக் காரணம்

இத்தாதியர் கணக்கை ஆராய்ந்தால் முழு விஷயமும் விளங்கும். மக்னீஷியத்தைத் தனியே உண்பவர் எவருமில்லை. அது தவிடு நீக்காத தானியத்திலும், பயறு வகைகளிலும், கீரையிலும், கொட்டைகளிலும் அடங்கி வருகிறது. அவற்றோடு நார்ப்பொருளும், வைட்டமின்களும், வேறு பல சத்துக்களும் உடன் வருகின்றன. மேலும் அத்தகைய ஆகாரத்தை விரும்பி உண்போர், பெரும்பாலும் புகை பிடிப்பதில்லை. மதுவை மிகுதியாக அருந்துவதில்லை. நடந்தும் உழைத்தும் உடம்பைக் கட்டாக வைத்திருப்பவர். ஆகவே நோய் குறைந்ததற்குக் காரணம் மக்னீஷியமா, அதனுடன் வந்த நார்ப்பொருளா, நடையும் உழைப்புமா என்று பிரித்துச் சொல்வது கடினமாகிறது.

ஒரு மிராசுதார் புதிய எருவொன்றைத் தம் நல்ல வயலில் இட்டு, எரு இடாத மேட்டு வயலோடு மகசூலை ஒப்பிட்டு, எருவின் பெருமையே பெருமை என்று சொன்னால் எவரும் ஒப்பார். மண்ணும் நீரும் வேறாக இருந்தனவே என்று கேட்பர். அதனாலேயே விவசாயப் பண்ணைகளில் ஒரே நிலத்தைப் பல சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எரு இடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி நிர்ணயிக்கின்றனர். இம்முறையை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்டு பிஷர் 1920-க்குப் பிற்பட்ட வருஷங்களில் வகுத்தளித்தார். வயலில் பிறந்த இந்த முறையையே வைத்தியர்களும் பின்னர் மருந்துகளைச் சோதிப்பதற்குக் கைக்கொண்டனர்.

மக்னீஷியத்தை உண்போரையும் உண்ணாதோரையும் இவ்வாறு சீட்டுக் குலுக்கிப் பிரித்து, புற்றுநோய் குறைகிறதா என்று பல ஆண்டுகள் பார்த்த பெருஞ்சோதனை எதுவும் இச்சத்தின் பக்கம் சாட்சி கூற இல்லை. அதுவரையில் மக்னீஷியம் புற்றுநோயைத் தடுக்கும் என்று உறுதி கூறுவது பொருந்தாது.

உப்பாக உண்பது தகுமா?

உணவில் நன்மை தரும் சத்தைத் தனியே பிரித்து உண்டால் அதே நன்மை வரும் என்பதற்கு உறுதியில்லை. இதற்குப் பின்லாந்து தேசத்துச் சோதனை தக்க உதாரணம். காரட்டு முதலிய மஞ்சட் காய்கறிகளிலும் கீரைகளிலும் உள்ள பீட்டா கரோட்டீனை மிகுதியாக உண்போருக்கு நுரையீரற் புற்றுநோய் குறைவு என்று பல கணக்குகள் காட்டின. ஆகவே புகை பிடிக்கும் 29,133 ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, சிலருக்கு அச்சத்தை மாத்திரையாகக் கொடுத்தனர். 1994-ல் முடிவு வெளியானபோது, மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரற் புற்றுநோய் 100-க்கு 18 வீதம் அதிகமாக இருந்தது. கீரையையும் காயையும் குறித்து உண்மையாயிருந்தது, மாத்திரையைக் குறித்துப் பொய்யாயிற்று.

மக்னீஷிய உப்புக்களை மிகுதியாக உட்கொண்டால் பேதியாகும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு அவ்வுப்பு வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி, நாடித் துடிப்பையும் சுவாசத்தையும் தளர்த்தி, உயிருக்கே ஆபத்தை விளைக்கும். புற்றுநோய்க்காகச் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து செலுத்தப்பெறும் நோயாளிகளுக்கு, அம்மருந்தால் உடம்பிலுள்ள மக்னீஷியம் சிறுநீர் வழியாகக் கழிந்துபோவதுண்டு. அவர்களுக்கு வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துத் தக்க அளவில் அச்சத்தைக் கொடுப்பர். அது வைத்தியரின் பொறுப்பு. கடையில் வாங்கித் தாமே உண்பதற்குரியதன்று.

தீட்டிய அரிசியும் தீட்டாத தானியமும்

உறுதியாகச் சொல்லக்கூடியது யாதெனில், தவிடு நீக்காத தானியங்களை உண்பது குடற் புற்றுநோயைக் குறைக்கக்கூடும் என்பதாகும். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதி 2018-ம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, தவிடு நீக்காத தானியத்தையும் நார்ப்பொருள் உள்ள உணவையும், வலிமையான சான்றுள்ள தடுப்புக் காரணங்களின் வரிசையில் வைத்தது. மக்னீஷியத்தின் நன்மை எவ்வளவாயினும், அதுவும் இந்தத் தானியத்தினுள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஐதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, 100 கிராம் தானியத்திலுள்ள மக்னீஷியம் ஏறத்தாழப் பின்வருமாறு:

தீட்டிய பச்சரிசி: 20 மில்லிகிராம்
தவிடு நீக்காத அரிசி: 95 மில்லிகிராம்
கம்பு: 125 மில்லிகிராம்
முழுக் கோதுமை: 125 மில்லிகிராம்
சோளம்: 135 மில்லிகிராம்
கேழ்வரகு: 145 மில்லிகிராம்

அரிசியைத் தீட்டுங்கால் ஐந்தில் நான்கு பங்கு மக்னீஷியம் தவிட்டோடு போய்விடுகிறது என்பது இதனால் விளங்கும். போன தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகிறது. வெள்ளையரிசி வீட்டாருக்கு ஆகிறது. வளர்ந்தவர்களுக்குத் தினம் 300 முதல் 450 மில்லிகிராம் வரை இச்சத்து வேண்டுமென்று பல தேசங்களின் நிபுணர்கள் கணித்துள்ளனர். மூன்று வேளையும் தீட்டிய அரிசியையே பெரும்பாலும் உண்டு, பயறும் கீரையும் சொற்பமாகச் சேர்த்துக்கொள்ளும் குடும்பத்தில் இந்த அளவு நிரம்புவது அரிது. ஒரு வேளை கேழ்வரகுக் களியோ கம்பங்கூழோ உண்டு, அரிசியை அதிகம் தீட்டாமல் வைத்துக்கொண்டு, பருப்பும் கீரையும் நிலக்கடலையும் சேர்த்துக்கொள்ளும் குடும்பத்தில் அது எளிதில் நிரம்பும்.

தவிட்டிலுள்ள பைட்டேட்டு என்னும் பொருள் மக்னீஷியத்தை ஓரளவு கட்டி வைத்து, குடலில் சேரவொட்டாமல் தடுக்கும். தானியத்தை ஊறவைத்தல், முளை கட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவற்றால் அக்கட்டுத் தளர்கிறது. முளை கட்டிய கேழ்வரகு மாவும், புளித்த கூழும், இட்டிலியும் இவ்வகையில் மேம்பட்டவை. கீரை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் கரைந்த உப்புக்களும் வீணாகும்.

நிலத்தில் செய்யத்தக்கவை

மணற்பாங்கான நிலங்களிலும், மழை மிகுந்து புளிப்புத் தன்மை ஏறிய மலைச்சரிவு நிலங்களிலும் மக்னீஷியம் குறைந்திருக்கக்கூடும். சாம்பல் சத்து எருவை ஆண்டுதோறும் அதிகமாக இட்ட நிலத்திலும் பயிர் அதனைப் போதுமான அளவு பெறாது. அடியிலைகளில் நரம்பிடை வெளுப்புக் கண்டால், விவசாய அதிகாரியிடம் காட்டி மண்ணைப் பரிசோதிக்கச் செய்தல் வேண்டும். புளிப்பு நிலங்களுக்கு டாலமைட்டுத் தூளும், மற்ற நிலங்களுக்கு மக்னீஷிய சல்பேட்டும் ஏற்றவை. தொழு உரமும் இலைத்தழை உரமும் இச்சத்தையும் சிறிது சிறிதாக மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன.

இவ்வாறு எருவிடுவது பயிரின் நலத்திற்கும் மகசூலுக்குமே முக்கியமாக வேண்டியது. சத்துப் போதிய நிலத்தில் மேலும் மேலும் மக்னீஷியம் இட்டு, மணியில் அதனைப் பெருக்கலாம் என்று பணத்தைச் செலவிடுதல் வீண். வயலில் அரும்பாடுபட்டு மணியிற் சேர்த்த சத்தில் ஐந்தில் நான்கு பங்கை ஆலையில் இழப்பதைத் தவிர்ப்பதே மலிவான வழி. வீட்டுக்கென வைத்துக்கொள்ளும் நெல்லை ஆலையில் அரைக்கக் கொடுக்கும்போது, உமி மட்டும் நீக்கி, தவிட்டைத் தீட்டாமல் விடும்படி சொல்லலாம். இத்தகைய அரிசியில் தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்கு நாற்றம் கொள்ளுமாதலால், மாதக்கணக்கில் சேமித்து வைக்காமல், சில வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுதல் நன்று.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை

1. மக்னீஷியம் உடம்புக்கு இன்றியமையாதது. அது நிறைந்த உணவை உண்போரிடத்தில் குடற் புற்றுநோய் சிறிது குறைவாகக் காணப்படுவதாகப் பல கணக்குகள் கூறுகின்றன. அக்குறைவுக்கு மக்னீஷியம் மட்டுமே காரணம் என்று நிறுவப்படவில்லை.

2. தவிடு நீக்காத தானியம், சிறுதானியம், பயறு, கீரை ஆகியவற்றை நாள்தோறும் உண்பது நன்று. இவற்றால் வேறு பல நன்மைகளும் உண்டு.

3. புகையிலையையும் மதுவையும் விலக்குதலும், உடற்பருமன் மிகாமற் காத்தலும் எந்த உப்பையும்விட உறுதியான தடுப்பு முறைகள்.

4. வைத்தியர் சொல்லாமல் மக்னீஷிய மாத்திரைகளையோ உப்புக்களையோ நெடுநாள் உட்கொள்ளல் கூடாது. சிறுநீரக நோயாளிகள் இதில் மிகவும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

5. மலத்தில் இரத்தம் காணுதல், மலங்கழியும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருத்தல், காரணமின்றி உடம்பு இளைத்தல், சோகை ஆகியவை தோன்றினால் அவற்றை மூலநோய் என்று தாமே முடிவு செய்து, பேதி உப்பாலும் பத்தியத்தாலும் காலம் போக்கலாகாது. குடற் புற்றுநோய் ஆரம்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் குணமாகக்கூடியது. தாமதித்தால் அந்த வாய்ப்புக் கைநழுவிவிடும்.

ஆகாரம் நோயைத் தூரத்தில் நிறுத்த உதவும் வேலி. வந்த நோய்க்கு மருந்தாகாது. பயிரின் அடியிலை வெளுத்தவுடன் காரணம் தேடிப் பரிகாரம் செய்யும் விவசாயிகள், தங்கள் வீட்டாரின் உடம்பிற் காணும் அடையாளங்களையும் அதே விழிப்போடு கவனித்து, உரிய காலத்தில் வைத்தியசாலையை நாடுவார்களாக.